இசக்கியின் இடது கன்னம்

மணலேரிப் பெரியாஸ்பத்திரியின் தீக்காய வார்டில் ஒரு ஃப்ரிட்ஜ் இருந்தது. அதில் மனிதத் தோலும் தோசை மாவும் பல வருஷமாகச் சண்டை சச்சரவில்லாமல் ஒன்றாகக் குடித்தனம் நடத்தி வந்தன. தீயில் வெந்த இடத்தை மூடுவதற்காக ஒருவரின் தொடையிலிருந்து மெல்லிசாகச் சீவி எடுக்கும் தோலில் கொஞ்சம் மிச்சம் விழுந்தால், அதை உப்புநீரில் நனைத்த துணியில் சுருட்டி, சின்ன பாட்டிலில் போட்டு, பாட்டிலின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, அதில் ஆளின் பெயரை எழுதிக் கீழ்த்தட்டில் வைப்பார்கள். பிறகு எங்கேயாவது புண் மூடாமல் நின்றால் அந்த ஆளின் தோலை அந்த ஆளுக்கே போர்த்திவிடுவார்கள். மேல்தட்டில் நர்சம்மாக்களின் மாவும் தயிரும் ஆயாக்களின் மீன்குழம்பும் இருக்கும். வார்டுக்கென்று இருந்தது அந்த ஒரு ஃப்ரிட்ஜ்தான், அதனால் யாரையும் குறை சொல்வதற்கில்லை.

அந்தச் சித்திரை மாதத்தில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து ஊரே இருண்டு கிடந்தபோது, ஜெனரேட்டர் ஆபரேஷன் தியேட்டருக்கு மட்டும்தான் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அடித்த வெக்கையில் மேல்தட்டு மாவு புளித்துப் பொங்கி, தூக்குச்சட்டியின் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து, கீழே இருந்த பாட்டில்களையெல்லாம் குளிப்பாட்டி, பிளாஸ்திரிகளை உரித்துப் போட்டுவிட்டது. அதைத் துடைத்துச் சுத்தம் செய்கிற வேலை, அந்த வார்டில் யாரும் செய்ய விரும்பாத மற்ற எல்லா வேலைகளையும் போல, டாக்டர் ஜெனோவாவின் தலையில் விழுந்தது.

ஜெனோவா தூத்துக்குடிப் பெண். டாக்டருக்குப் படித்து, அறுவைச் சிகிச்சைக்குப் படித்து, அதுவும் போதாதென்று பிளாஸ்டிக் சர்ஜரிக்கு சீட் வாங்கிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தவள். அவள் அம்மாவின் பக்கத்துவீட்டுக்காரர்கள் அவளை யாரோ நடிகைகளுக்கு மூக்கு செய்து தருகிறவளாக நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அவளோ இங்கே காலையில் நாற்றமடிக்கும் கட்டுகளைப் பிரித்து, மத்தியானம் சீனியர்கள் வெட்டும்போது சதையை விலக்கும் கொக்கியைப் பிடித்து நின்று, சாயங்காலம் திரும்பவும் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு முழு கேஸ், முதல் கோட்டிலிருந்து கடைசித் தையல் வரை தன் கையால், அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அதைக் கேட்கும்போதெல்லாம் சீஃப் டாக்டர் அருணகிரி, "பாக்கலாம், பாக்கலாம்" என்பார். அவர் 'பாக்கலாம்' என்று சொன்ன கேஸ்களையெல்லாம் வரிசையாக நிறுத்தினால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகும்.

அவள் பாட்டில்களைத் துடைத்தாள். எந்தப் பாட்டில் யாருடையது என்று தனக்கு நன்றாக ஞாபகம் இருப்பதாக நினைத்தாள். களைத்துப் போனவர்களுக்கு எல்லாமே நன்றாக ஞாபகம் இருப்பதாகத்தான் தோன்றும். இரண்டு பாட்டில்களில் பெயர் மாறி ஒட்டிக்கொண்டது. ஒன்று, எண்ணெய்ச் சட்டி சாய்ந்து இடது கன்னம் வெந்துபோன இசக்கி என்கிற இளம்பெண்ணின் தோல். இன்னொன்று, கரிப்பெட்டி கவிழ்ந்து கங்கு கொட்டியதில் முழங்கை வெந்துபோன இஸ்திரிக்காரர் தனுஷ்கோடியின் தோல். தனுஷ்கோடிக்கு முதலில் வைத்ததே நன்றாகப் பிடித்துவிட்டதால் அவர் பெயர் போட்ட பாட்டில் தேவைப்படாமல் குப்பைக்குப் போயிற்று. இசக்கிக்குக் கன்னத்தில் வைத்தது சீழ் பிடித்து உரிந்துவிட்டதால், ஜெனோவா அவள் பெயர் போட்ட பாட்டிலைத் திறந்து, உள்ளே இருந்ததை விரித்து, காற்றுக்குமிழ் இல்லாமல் பஞ்சால் ஒற்றி ஒற்றிக் கன்னத்தில் பரப்பினாள்.

ஒருவர் தோல் இன்னொருவர் உடம்பில் பிடிக்காது, கொஞ்ச நாள் இருந்துவிட்டு அழுகி விழும் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. இந்தத் தோல் புத்தகம் படிக்கவில்லை. அது இசக்கியின் கன்னத்தில் வேர்விட்டு, ரத்தம் குடித்து, சிவந்து, பிறகு மாநிறமாகி, விளிம்பில் சுருக்கம்கூட இல்லாமல் படிந்து உட்கார்ந்தது. சீஃப் ரவுண்ட்ஸில் நின்று அதைப் பார்த்துவிட்டு, "யார் வெச்சது?" என்று கேட்டார். ஜெனோவா கையைத் தூக்கினாள். "ம்" என்றார். அந்த 'ம்' அவர் வாயிலிருந்து உதிர்வது அபூர்வம் என்பதால் அன்று ஜெனோவா இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டாள்.

இசக்கி வீட்டுக்குப் போனாள், தனுஷ்கோடி தன் வண்டிக்குப் போனார். தனுஷ்கோடியின் இஸ்திரி வண்டி ஆஸ்பத்திரிக் குடியிருப்பின் வாசலில் நின்றது. டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளுக்கு மடிப்பு போடுவது அவர்தான். அந்த மனுஷருக்குக் கல்யாணம் ஆகவில்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை, வார்டில் கிடந்தபோது துணைக்கு யாரும் இல்லாமல் பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி வாங்கி வந்த இட்லியில்தான் பிழைத்தார். சில்லறை கொடுக்கும்போதுகூட எல்லோரும் அவர் பலகையின் மேல்தான் வைப்பார்கள், கையில் வைக்க மாட்டார்கள். அதற்குக் காரணம் ஒன்றும் இல்லை, அப்படியே பழகிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை அவர் வெளிநோயாளிகள் பிரிவுக்கு வந்து ஜெனோவாவின் முன் உட்கார்ந்து, வெகுநேரம் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, "டாக்டரம்மா, தப்பா நெனைக்கக்கூடாது" என்றார்.

"சொல்லுங்க அண்ணாச்சி."

"தொடையில தோலு எடுத்தீகள்லா, அந்த எடத்துல யாரோ முத்தம் குடுக்காக."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெனோவாவுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"என்ன மாதிரி முத்தம்?"

"சின்ன வாயி. எச்சி முத்தம். விடியக்காலத்துல ஒண்ணு, சாயங்காலம் ரெண்டு மூணு. நடுவுல பிஞ்சுக் கையால தட்டுத மாதிரியும் இருக்கு." அவர் குரல் இறங்கிற்று. "வலிக்கல டாக்டரம்மா. வலிச்சா முந்தியே வந்திருப்பேன்."

நரம்பு முளைக்கும்போது அப்படி ஏதாவது தோன்றும் என்று ஜெனோவா சொல்லிக்கொண்டிருக்கும்போதே தனுஷ்கோடி துள்ளினார். மறுபடி துள்ளினார். ஜெனோவா நிமிர்ந்து பார்த்தாள். சுவரோரப் பெஞ்சில், மறுபரிசோதனைக்கு வந்த இசக்கி உட்கார்ந்திருந்தாள். மடியில் அவள் மகள், இரண்டு வயது தர்ஷினி, அம்மாவின் இடது கன்னத்தில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். அங்கே பிள்ளை ஒரு தட்டு தட்ட, இங்கே இவர் ஒரு துள்ளு. ஜெனோவா அவரைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டு, ஒரு பஞ்சை எடுத்துக்கொண்டு போய் இசக்கியின் கன்னத்தை லேசாகத் தொட்டாள். திரைக்குப் பின்னாலிருந்து தனுஷ்கோடி, "இந்தா, இப்ப" என்றார். கண்ணுக்குக் கீழே தொட்டாள். "மேல" என்றார். தாடைப் பக்கம் தொட்டாள். "கீழ, முட்டிக்கிட்ட" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு, நன்றாகத் தெரியும்படி கொஞ்சம் முன்னால் நகர்ந்து நின்றார்கள். ஜெனோவாவுக்குத் தோசை மாவும் உரிந்து கிடந்த பிளாஸ்திரிகளும் ஞாபகம் வந்தன.

அவள் அதை மறைத்திருக்கலாம். நேராகப் போய் சீஃப்பிடம் சொன்னாள். சீஃப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றினார். "அடுத்தவன் தோல் பிடிச்சிருக்கு, அதை விடு. அது தோலோட இஷ்டம். பேரை மாத்தி ஒட்டினியே, அது யாரோட இஷ்டம்?" என்று ஆரம்பித்து, வராந்தாவில் போகிறவர்கள் எல்லாம் நின்று கேட்டுவிட்டுப் போகும் அளவுக்கு வைதார். அன்றைக்கே வார்டுக்கு இன்னொரு ஃப்ரிட்ஜ் வந்தது. மாவு புது ஃப்ரிட்ஜுக்கு மாறிக்கொண்டது, தோல் பழையதிலேயே இருந்துவிட்டது.

மணலேரிக்காரர்களான எங்களுக்கு ஒரு விஷயம் புதுசாக இருப்பதெல்லாம் ஒரு வாரத்துக்குத்தான். முதல் வாரம் இஸ்திரி வண்டியைச் சுற்றிக் கூட்டம். இரண்டாவது வாரம் அந்தக் கூட்டத்தை நம்பி ஒரு சுண்டல்காரர். அதற்கப்புறம் அது எங்கள் அன்றாடத்தோடு சேர்ந்துவிட்டது. காலையில் துணி போட வருகிறவர்கள், தனுஷ்கோடி பெட்டியைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தனக்குள் சிரித்தால், "என்ன அண்ணாச்சி, பிள்ள முழிச்சிட்டாளா?" என்று கேட்பார்கள். மழை நாளில் பிள்ளை எழுந்திருக்க நேரமானால் அவர் வேலையில் மனசில்லாமல் ஒரே சட்டையைத் திருப்பித் திருப்பித் தேய்ப்பார். இசக்கி பச்சைத்தண்ணீரில் முகம் கழுவுவதை விட்டுவிட்டு, ஒரு சொம்பு வெந்நீர் விளாவி வைத்துக்கொண்டாள், அண்ணாச்சிக்கு விறைக்குமாம். பவுடர் போடும்போது அந்தக் கன்னத்தில் பஞ்சைக் கொஞ்சம் மெதுவாக ஒற்றினாள், வாடிக்கையாளர் முன்னால் அண்ணாச்சிக்குக் கூச்சம் வந்துவிடுமாம்.

ஆம்பிளைத் தோல் பொம்பிளை முகத்தில் இருப்பது என்ன முறை என்று கேள்வி எழுந்தது. அதைத் தீக்காய வார்டில் துணைக்கு வந்திருந்த பெண்கள், வராந்தாவில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு மத்தியானத்தில் தீர்த்துவைத்தார்கள். ஒரு வயிற்றில் பிறந்தால் அண்ணன் தங்கை என்றால், ஒரே தோலைப் போர்த்திக்கொண்டால் அதைவிட நெருக்கம்தானே? ஆகவே தனுஷ்கோடி இசக்கிக்கு அண்ணன், தர்ஷினிக்குத் தாய்மாமன். இந்தத் தீர்ப்பைக் கேட்ட தனுஷ்கோடி அந்தப் பொங்கலுக்கு ஒரு கரும்புக்கட்டும் சேலையும் பிள்ளைக்குப் பாவாடை சட்டையும் எடுத்து, பாவாடைக்குக்கூட இஸ்திரி போட்டு, தங்கை வீட்டு வாசலில் கொண்டுபோய் நின்றார். கதவைத் திறந்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று தெரியாமல், "துணி இருக்கு" என்று மட்டும் சொன்னார். சீர் கொண்டுபோக அவருக்கு அதுவரை ஒரு வாசலும் இருந்ததில்லை.

இசக்கியின் கணவன் கொம்பையாவும் எங்களுக்குப் பிடித்த ஆள்தான். தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிற வேலை, சிரித்த முகம், கலகலப்பான பேச்சு. அவள் வார்டில் கிடந்தபோது தினமும் பன்னும் ஆப்பிளும் வாங்கி வந்து, ஊட்டிவிட்டு, வார்டையே சிரிக்க வைத்துவிட்டுப் போவான். "நா எம் பெண்டாட்டிக்கு முத்தம் குடுத்தா இஸ்திரி அண்ணாச்சிக்குல்லா வேர்க்கும்!" என்று அவன் அழமாட்டாத குறையாகச் சொன்னபோது வராந்தாப் பெண்கள் வயிறு வலிக்கச் சிரித்து, அதற்கும் ஒரு தீர்ப்பு சொன்னார்கள். இடது கன்னம் பிள்ளைக்கு, வலது கன்னம் உனக்கு. கொம்பையா கையெடுத்துக் கும்பிட்டு ஒத்துக்கொண்டான்.

அவன்தான் ஆடி மாசம் பழப்பையோடு சீஃப்பின் அறைக்கு வந்தான். இசக்கி அவன் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றாள். ஜெனோவா ஓரமாக நின்றாள்.

"சார், நீங்க குடுத்த உசுரு. குறை சொல்லல" என்றான் கொம்பையா. "ஆனா ஊரு ஒரு மாதிரி பேசுது. இன்னொருத்தன் தோலு எம் பெண்டாட்டி மூஞ்சில இருக்குன்னா எனக்கு வெளிய தல காட்ட முடியல. அவ தோலையே எடுத்து அவளுக்கே வெச்சு விட்டிருங்க சார்."

அதில் தப்பென்று சொல்ல எதுவுமில்லை. எங்களில் பலரே அப்படித்தான் நினைத்தோம். சீஃப் இசக்கியைப் பார்த்து, "உனக்குச் சம்மதமாம்மா?" என்றார். அவள் கணவனைப் பார்த்தாள். "ஒங்க இஷ்டம்" என்றாள். அது அவரைப் பார்த்துச் சொன்னதா இவனைப் பார்த்துச் சொன்னதா என்று யாரும் விசாரிக்கவில்லை. சீஃப் ஜெனோவாவின் பக்கம் திரும்பினார். "நம்ம தப்பு, நாமதான் சரி பண்ணணும். நீ வெச்ச தோல், நீயே எடு. புதுத் தோலும் நீயே வை. முழு கேஸும் உன்னுது."

ஜெனோவா அன்று வராந்தாவில் ஓடினாள் என்று ஆயாக்கள் சொல்கிறார்கள். அம்மாவுக்கு போன் போட்டாள். அம்மா பனிமயமாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். கையுறை சுற்றி வரும் காகிதத்தில் இசக்கியின் கன்னத்துக்கு அளவெடுத்து, வெட்டி, திருத்தி, மறுபடி வெட்டி, ஒட்டுத்தெரியாமல் ஒரே துண்டாக எப்படி வைப்பது என்று இடைவெளி கிடைத்தபோதெல்லாம் யோசித்தாள். தப்பையும் திருத்திக்கொள்ளலாம், கேஸும் கிடைக்கிறது. கடவுள் ஒரே கையால் இரண்டு பண்டம் கொடுப்பது எப்போதோ ஒரு தடவைதான்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் மெஹருன்னிசா கறாரான பெண்மணி. "அவ கன்னத்தை அறுத்தா அவருக்கு வலிக்கும்ல? அவரையும் வெறும் வயித்தோட கொண்டு வாங்க. ரெண்டு பேருக்கும் மயக்கம் குடுக்கணும்" என்றார். ஆகவே தனுஷ்கோடியிடமும் சம்மதம் கேட்க வேண்டியிருந்தது. ஜெனோவாதான் வண்டிக்குப் போனாள்.

அவர் கேட்டுக்கொண்டே ஒரு கோட்டின் காலரைத் தேய்த்தார். முடித்துவிட்டு அதே காலரை இன்னொரு முறை தேய்த்தார்.

"அது அவுக மூஞ்சி. வேணாம்னு சொல்ல நா யாரு?" என்றார். பிறகு, "எடுத்த பொறவு ஒண்ணுமே தெரியாதுல்லா?" என்றார்.

"தெரியாது அண்ணாச்சி. பழையபடி ஆயிரும்."

"பழையபடி" என்று சொல்லிவிட்டு அவர் பெட்டியைத் திறந்து கங்கை ஊதினார். சாம்பல் பறந்து அவர் கண்ணில் விழுந்தது, அதைத் துடைத்துக்கொண்டார். ஜெனோவாவுக்கு அங்கே நிற்க முடியவில்லை. என்ன செய்வது, கேஸ் கிடைத்த சந்தோஷத்தை அவள் கோட்டைப் போலக் கழற்றி மாட்டிவிட்டு வர முடியாதே.

ஆபரேஷன் நாள் வந்தது. வார்டுக்காரர்கள் கூடி வழியனுப்பினார்கள். தனுஷ்கோடியை ஸ்ட்ரெச்சரில் தியேட்டர் வராந்தாவில் படுக்க வைத்தார்கள். தியேட்டர் கதவுக்கு வெளியே கொம்பையா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான், பன் பொட்டலமும் கையில் இருந்தது. உள்ளே முன்னறையில் இசக்கி பச்சை கவுனும் தலையில் துணித்தொப்பியுமாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஜெனோவா நீல மைப் பேனாவை எடுத்து, காகித அளவைக் கன்னத்தில் வைத்து, கண்ணுக்குக் கீழிருந்து கோடு இழுக்கத் தொடங்கினாள். வெளியே ஸ்ட்ரெச்சரில் தனுஷ்கோடி கூச்சம் தாங்காமல் நெளிந்து சிரிக்கும் சத்தம் கேட்டது.

கோடு காதோரம் வந்தபோது இசக்கி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"டாக்டரம்மா, இத எடுக்காதீக."

ஜெனோவாவின் கை நின்றது. அவள் மனசில் முதலில் எழுந்தது இரக்கம் அல்ல, எரிச்சல்தான். "என்னம்மா, இப்ப வந்து சொல்ற? அண்ணாச்சி பாவம்னு பாக்கியா?"

"அவுக பாவந்தான். ஆனா அதுக்கில்ல." இசக்கி கதவைப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. "எங்க வீட்டுக்காரவுகளுக்கு வலது கைப்பழக்கம். ஓங்கினா இந்தக் கன்னத்துலதான் விழும். கல்யாணமான நாள்லருந்து இதுலதான் விழுந்துச்சு. ஊருக்கெல்லாம் விசயம் தெரிஞ்சிச்சு பாருங்க, இதுல விழுந்தா அண்ணாச்சிக்குத் தெரியும்னு, அன்னையிலருந்து ஒரு அடி விழல. கையி ஓங்கும், டாக்டரம்மா. பாதியில அப்படியே நிக்கும். அப்பறம் அந்தக் கையால தலையச் சொறிஞ்சுக்கிட்டுப் போயிருவாக."

அவள் சிரித்தாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது.

"எண்ணெய்ச் சட்டி..." என்றாள் ஜெனோவா.

"சட்டிக்கு என்ன கையா காலா இருக்கு, தானா சாயதுக்கு?"

"ஏம்மா இதெல்லாம் முன்னாலயே சொல்லல? சீஃப் கேட்டாரே, சம்மதமான்னு?"

"கேட்டாக. கேக்கையிலெல்லாம் அவுகளையும் பக்கத்துல நிறுத்தி வெச்சுல்லா கேட்டீக."

ஜெனோவா பேனாவை மூடினாள். அவள் வெளியே வந்து ஸ்ட்ரெச்சரின் பக்கத்தில் குனிந்தாள்.

"அண்ணாச்சி, முத்தம் தவிர வேற எதுவும் விழுந்திருக்கா?"

தனுஷ்கோடி மேலே ஓடாமல் நின்ற மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தார். "ஒரு நாள் விழுந்துச்சு. ஒங்ககிட்ட வாறதுக்கு முந்தி. சுரீர்னு. பெட்டியக் கீழ போட்டுட்டேன். நரம்பு இழுக்குன்னு நெனச்சேன்." கொஞ்சம் கழித்து அவராகவே எழுந்து உட்கார்ந்தார். "நரம்பில்லியா?" என்றார். அவர் முகத்தைப் பார்க்க ஜெனோவாவுக்குத் தைரியம் வரவில்லை.

கைகளைக் கழுவிக்கொண்டு நின்ற சீஃப்பிடம் போய், "கேஸ் வேண்டாம் சார்" என்றாள்.

"எந்தக் கேஸ் வேணும்னு ரெண்டு வருஷமா என் உயிரை எடுத்தியோ, அந்தக் கேஸா?"

"ஆமா சார்." அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதில் இசக்கிக்காக வந்தது எவ்வளவு, கைநழுவிப் போன கேஸுக்காக வந்தது எவ்வளவு என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. காரணத்தைச் சொன்னாள். சீஃப் குழாயை மூடினார். ஈரக் கைகளை அந்தரத்தில் பிடித்தபடியே முன்னறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, இசக்கியிடம் தனியாகப் பேசினார். வெளியே வந்தபோது அவருடைய கைகள் காய்ந்திருந்தன.

தன் மருத்துவ வாழ்க்கையில் நோயாளியிடமும் மாணவர்களிடமும் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை என்று பெருமையடித்துக்கொள்கிற அந்த மனுஷர், கொம்பையாவின் முன்னால் போய் நின்று, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "தோல் எலும்பு வரைக்கும் வேர் விட்டிருக்கு. எடுத்தா உசுருக்கு ஆபத்து. இந்த ஜென்மத்துல இனி எடுக்க முடியாது. வேற எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாலும் இதைத்தான் சொல்வாங்க. போலீஸ்கிட்ட கொண்டு போனாலும் இதைத்தான் சொல்வாங்க."

போலீஸ் எதற்கு இதில் என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கொம்பையா மட்டும் கேட்கவில்லை. அவன் சிரித்தான். "அப்படியா சார், சரி சார்" என்றான். அவன் வலது கை தானாக மேலே போயிற்று, பாதியில் நின்றது, பிறகு தலையைச் சொறிந்தது. எத்தனையோ முறை அவன் தலையைச் சொறிவதைப் பார்த்து, நல்ல வெள்ளந்தி மனுஷன் என்று நாங்கள் சொல்லியிருக்கிறோம். அன்று வராந்தாவில் எல்லோரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

தனுஷ்கோடி ஸ்ட்ரெச்சரிலிருந்து இறங்கி, ஆஸ்பத்திரி கவுனோடு நடந்து போய் அவன் எதிரில் நின்றார். அவர் சண்டைக்காரர் இல்லை, சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. "மாப்ள" என்றார். தங்கை புருஷனை அதுவரை அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. "நா எங்கயும் போமாட்டேன். வண்டி அங்கனதான் நிக்கும்." அவ்வளவுதான் சொன்னார். தர்ஷினி அப்பாவின் தோளிலிருந்து மாமாவிடம் தாவினாள்.

கேஸ் நடக்காத செய்தி, நடந்திருந்தால் போயிருக்கும் வேகத்தைவிட வேகமாக வார்டுக்குப் போய்ச் சேர்ந்தது. என்ன காரணம் என்பதும் கூடவே போயிற்று. யார் சொன்னார்கள் என்று தெரியாது, கட்டிலுக்குக் கட்டில் காதோடு காதாகப் போயிருக்க வேண்டும். மறுநாள் காலையில் ஜெனோவா வழக்கம்போல டிரெஸ்ஸிங் தள்ளுவண்டியோடு பெண்கள் பக்கம் போனபோது, வழக்கமான முனகல் இல்லாமல் வார்டு அமைதியாக இருந்தது. துணைக்கு வந்திருந்த ஆண்களை யாரோ டீ வாங்கி வரச் சொல்லி வெளியே அனுப்பியிருந்தார்கள்.

ஜன்னலோரக் கட்டிலில், ஸ்டவ் வெடித்ததாகச் சொல்லி வந்திருந்த லெட்சுமிகாந்தம் என்கிற பெண் கட்டைப் பிரிக்க விடாமல் ஜெனோவாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டரம்மா, எனக்கும் வேத்தாளு தோலு கொஞ்சம் வெச்சு விடுவீகளா?"

"அதெல்லாம் எல்லாருக்கும் பிடிக்காதும்மா" என்றாள் ஜெனோவா. "அது எப்படிப் பிடிச்சதுன்னு எனக்கே தெரியாது."

"பிடிச்சாப் பிடிக்கட்டும். எந்தம்பி தருவான். கேட்டுட்டேன், வெளிய நிக்கான்."

"எனக்கு எங்க வீட்டுக்கு எதுத்த டீக்கடை அண்ணாச்சி தாறேன்னுருக்காக" என்றாள் அடுத்த கட்டில்காரி. அவளுக்கு அடுப்பில் சேலை பட்டதாகத்தான் கேஸ் எழுதியிருந்தது.

மூன்றாவது கட்டிலில் இருந்தவளுக்கு வெந்தது கையில்தான், அதுவும் ஆறி வந்துகொண்டிருந்தது. அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, ஜாக்கெட்டைப் பின்பக்கமாகத் தூக்கினாள். குறுக்கே ஒரு பழைய அடித்தடம் கறுத்துக் கிடந்தது.

"எனக்கு முதுகுல" என்றாள்.

"எனக்குப் பொடதியில" என்று பின்கழுத்தைத் தொட்டுக் காட்டியது அதற்கடுத்த கட்டில். "எனக்கு இங்க, தோள்ல." "எனக்கு வயித்துல, டாக்டரம்மா." கடைசிக் கட்டில் வரைக்கும் ஒவ்வொருத்தியாக இடத்தைக் காட்டினார்கள், துணிக்கடையில் அளவு சொல்வது போல, கூச்சமில்லாமல், இந்த வார்டில் இத்தனை நாளும் ஒருவரும் வந்து கேட்காத ஒன்றைக் கடைசியில் யாரோ கேட்டுவிட்டது போல. இரண்டு வருஷமாக தினமும் இரண்டு வேளையும் இந்த வார்டின் கட்டுகளைப் பிரித்துக் கட்டியவள் ஜெனோவா. வெந்த இடமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வேகாத இடங்களை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.

அவள் தள்ளுவண்டியை ஓரமாக விட்டாள். வார்டுக் கதவை உள்பக்கம் தாழிட்டாள். பிறகு நீல மைப் பேனாவைத் திறந்து, முதல் கட்டிலில் உட்கார்ந்து, "எங்கன்னு சரியாக் காட்டுங்க" என்று சொல்லிக் குறி வைக்க ஆரம்பித்தாள்.